பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நோட்டீஸ் அடிப்பது, கவர் ஒட்டுவது, தபால் ஆபீஸ் வரிசையில் நிற்பது, திரும்பி வந்த கவரைக் கேஸ் கட்டில் சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. வருகிற கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். வக்கீலிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கிளம்பும்போது வாசலில் வைத்துக் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருந்தால் அதை உங்கள் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

1. பதிவுத் தபால்னா என்ன சார்? ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில போட்டாலும் அதே போஸ்ட்மேன்தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார்?

கொண்டுபோகிறவர் அவர்தான். ஆனால் பெட்டியில் போட்ட கடிதத்துக்குக் கணக்கு கிடையாது. போனதா, எங்கே போனது, யார் வாங்கினார் என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவுத் தபாலைக் கவுன்ட்டரில் கையில் கொடுத்து ரசீது வாங்குகிறீர்கள். அதில் ஒரு எண் இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐஎன்'. கவர் எந்தத் தேதியில் எந்த ஆபீஸில் இருந்தது, கடைசியில் என்ன ஆனது என்று அந்த எண்ணை வைத்துப் பார்க்கலாம். கொடுக்கும்போது கையெழுத்தும் வாங்குவார்கள்.

கோர்ட்டுக்கு வேண்டியது இந்தக் கணக்குதான். நோட்டீஸில் எவ்வளவு காரமாக எழுதியிருந்தாலும், அதை இன்ன தேதியில் இன்ன முகவரிக்கு அனுப்பினோம் என்று காட்ட முடியாவிட்டால் அது வெறும் காகிதம்.

2. பதிவுத் தபாலையே நிறுத்திட்டாங்களாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு. இனி நோட்டீஸ் எப்படி அனுப்புறது?

பாதி உண்மை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். 'ரிஜிஸ்டர்டு போஸ்ட்' என்று தனியாக ஒரு சேவை இப்போது இல்லை. ஆனால் பதிவு என்ற வசதி போய்விடவில்லை. ஸ்பீட் போஸ்ட் கட்டணத்துக்கு மேல் ஐந்து ரூபாயும் வரியும் கட்டினால் அந்தக் கவருக்குப் பதிவு சேரும். பதிவு சேர்த்த கவரை, பெயர் எழுதியிருக்கும் ஆளிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுக்க வேண்டும். வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றால் முகவரியைப் பார்த்து, அங்கே இருப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

அந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். கவுன்ட்டரில் இருப்பவர் தானாகக் கேட்க மாட்டார். "ஸ்பீட் போஸ்ட்டா? சரி" என்று எடை போட்டு அடித்துக் கொடுத்துவிடுவார். "பதிவும் சேருங்க, டெலிவரி அத்தாட்சியும் வேணும்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வரிசையை விட்டு நகர்வதற்கு முன் ரசீதில் இரண்டும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தில் இருக்கும் சொல் 'பதிவுத் தபால்'. அது ஏன் முக்கியம் என்பதை ஆறாவது கேள்வியில் சொல்கிறேன்.

3. மொத்தம் எவ்வளவு ஆகும்?

2025 அக்டோபர் 1 முதல் வந்த கட்டணப்படி, 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு எந்தத் தூரமானாலும் 47 ரூபாய். நாலைந்து பக்க நோட்டீஸ் கவரோடு சேர்த்து 50 கிராமுக்குள் அடங்கிவிடும். பதிவுக்கு ஐந்து ரூபாய், மொத்தத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக வெளியூருக்கு அறுபது ரூபாயை ஒட்டி வரும், டெலிவரி அத்தாட்சி கேட்டால் அதற்குக் கொஞ்சம் கூடும். ஓடிபி சொன்னால்தான் கவரைக் கொடுப்பது என்றும் ஒரு வசதி இருக்கிறது. நோட்டீஸுக்கு அதை நான் கேட்பதே இல்லை. கடன்காரர் ஓடிபி சொல்லி நோட்டீஸ் வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நம் தப்பு.

4. வக்கீல் இல்லாம நானே எழுதி அனுப்பினா செல்லாதா?

செல்லும். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று செக் பவுன்ஸ் வழக்குக்கும் சட்டம் சொல்லவில்லை, வீடு காலி செய்வதற்கும் சொல்லவில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், எதைக் கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

ஆனாலும் வக்கீலை வைத்து அனுப்பச் சொல்வேன். எங்கள் ஆபீஸுக்கு வருமானம் என்பதற்காக இல்லை. நோட்டீஸில் எழுதிய வரிகளைத்தான் பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார். கோபத்தில் எழுதிய கடிதத்தில் தேதி ஒன்று மாறியிருக்கும், தொகை ஒன்று மாறியிருக்கும். செக் வழக்கில் தொகை மாறினால் என்ன ஆகும் என்பது பதினோராவது கேள்வியில் வருகிறது.

5. முகவரி எழுதுறதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. சட்டம் உங்களுக்குச் சாதகமாக நிற்பது 'சரியான முகவரியிட்டு' அனுப்பினால் மட்டும்தான். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். கிராமம் என்றால் தகப்பனார் பெயர், தெரு, அஞ்சல், வட்டம், பின்கோடு எல்லாம் வேண்டும். ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருக்கிற ஊர் உண்டு. 'த/பெ' போடாமல் அனுப்பினால், எந்த முருகேசன் என்று தெரியாமல் கவர் திரும்பி வரும், அல்லது வேறு முருகேசன் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார். இரண்டாவது இன்னும் மோசம்.

எந்த முகவரி என்று குழப்பம் இருந்தால் தெரிந்த எல்லா முகவரிக்கும் ஒவ்வொரு கவர் போடுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பது, புரோநோட்டில் இருப்பது, கடை முகவரி, இப்போது குடியிருக்கும் வீடு. ஒரு கவருக்கு அறுபது ரூபாய்தான். கம்பெனி கொடுத்த செக் என்றால் நோட்டீஸ் கட்டாயம் கம்பெனி பெயருக்குப் போக வேண்டும். இயக்குநர்களுக்குத் தனித்தனியாக அனுப்பியாக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. நாங்கள் அவர்களுக்கும் அனுப்பித்தான் வைப்போம்.

6. அவர் கையில கிடைச்சதுன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?

இங்கேதான் பலருக்குத் தலைகீழான எண்ணம் இருக்கிறது. அவர் வாங்கினார், பிரித்தார், படித்தார் என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. 1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், பிரிவு 27-ஐப் பாருங்கள். ஒரு மத்தியச் சட்டம் ஆவணத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னால், சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டாலே அது சார்பு செய்யப்பட்டதாக, அதாவது உரியவரிடம் முறைப்படி கொடுக்கப்பட்டதாக, கொள்ளப்படும். தபால் வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகவும் கொள்ளப்படும். அப்படி இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் எதிராளி.

இதோடு இன்னொன்றும் உண்டு. அலுவல்கள் வழக்கமான முறையில்தான் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 114. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 119. பிரிவு 27-ல் 'பதிவுத் தபால்' என்றே இருப்பதால்தான் அந்த ஐந்து ரூபாய்க்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்தேன். பதிவு இல்லாத ஸ்பீட் போஸ்ட்டும் பதிவுத் தபாலும் ஒன்றா என்ற விவாதத்துக்கு உங்கள் வழக்கை ஏன் உதாரணமாக்க வேண்டும்?

7. ஏ.டி. கார்டு திரும்பி வரலை. கேஸ் போச்சா?

போகவில்லை. ஏ.டி. கார்டு என்பது வாங்கியவர் கையெழுத்தோடு நமக்குத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை. வந்தால் நல்லது, அவ்வளவுதான். அது வழியில் தொலைவது எங்கள் ஆபீஸில் சாதாரணமாக நடக்கிற விஷயம். ரசீதும், டிராக்கிங் பக்கத்தில் 'டெலிவர்டு' என்று வந்த அச்சுப் பிரதியும் இருந்தால் முந்தைய பதிலில் சொன்ன அனுமானம் நிற்கும்.

டிராக்கிங் பக்கத்தை உடனே அச்செடுத்து வையுங்கள். வழக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கொஞ்ச காலம் கழித்து அந்த எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. இணையத்திலிருந்து எடுத்தது மின்னணு ஆவணம் என்பதால், அதைக் கோர்ட்டில் போடும்போது பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றும் சேர்க்க வேண்டும். அந்தச் சான்றை வக்கீல் தயார் செய்து தருவார்.

8. வாங்க மாட்டேன்னு போஸ்ட்மேன்கிட்ட சொல்லி அனுப்பிட்டாராம். இப்ப என்ன பண்றது?

ஒன்றும் பண்ண வேண்டாம். உங்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வாங்கிக்கொண்டு பதில் போட்டிருந்தால் அவர் தரப்பில் நாலு கதை எழுதியிருப்பார். மறுத்ததால் அந்த வாய்ப்பையும் விட்டார், நோட்டீஸ் வந்தது அவருக்குத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மறுத்த கவர் சார்பு செய்யப்பட்ட கவர்தான்.

கவரின் மேல் போஸ்ட்மேன் எழுதும் குறிப்புகளை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 'ரெஃப்யூஸ்டு' என்றால் மறுத்துவிட்டார். 'டோர் லாக்டு' என்றால் வீடு பூட்டியிருந்தது, சீட்டு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கவரைத் தபால் ஆபீஸில் ஏழு நாள் வைத்திருப்பார்கள், யாரும் வராவிட்டால் 'அன்கிளெய்ம்டு' என்று திரும்பும். இதையும் கோர்ட் பெரும்பாலும் உங்கள் பக்கமே எடுத்துக்கொள்ளும். 'லெஃப்ட்' என்றால் அந்த முகவரியை விட்டுப் போய்விட்டார், 'இன்ஸஃபிஷியன்ட் அட்ரஸ்' என்றால் முகவரி போதவில்லை. இந்த இரண்டும் வந்தால் சும்மா இருக்கக் கூடாது. சரியான முகவரியைத் தேடி, நோட்டீஸ் அனுப்புவதற்கான கெடு முடிவதற்குள் மறுபடி அனுப்புங்கள்.

9. திரும்பி வந்த கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டேன். நம்ம கவர்தானே?

ஐயோ. நம் கவர்தான், ஆனால் இனி அது சாட்சி. ஒட்டு பிரியாமல் இருந்தால்தான் அதில் என்ன இருந்ததோ அதுவே இருக்கிறது என்று சொல்ல முடியும். தேவைப்பட்டால் கோர்ட்டிலேயே எல்லோர் முன்னாலும் பிரிக்கட்டும். எங்களிடம் வந்த ஒரு கட்சிக்காரர், திரும்பி வந்த கவரைப் பிரித்து, உள்ளே இருந்த நோட்டீஸைப் பத்திரமாக ஃபைலில் போட்டு, கவரைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். அவர் எறிந்ததுதான் வழக்குக்கு வேண்டியது. 'ரெஃப்யூஸ்டு' என்ற குறிப்பும் தேதி முத்திரையும் அதன் மேல்தான் இருந்தன.

பிரித்துவிட்டீர்கள் என்றால் கவரையும் உள்ளிருந்ததையும் சேர்த்து அப்படியே கொண்டு வாருங்கள். திரும்ப ஒட்டாதீர்கள். ரசீது, டிராக்கிங் பிரதி, ஆபீஸ் காப்பி இவற்றை வைத்துச் சமாளிக்கலாம்.

10. அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. செல்லுமா?

பதிவு சேர்த்த கவர் பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் போக வேண்டும் என்று மேலே சொன்னேன். நடப்பில் வீட்டுக்காரம்மாவோ மகனோ கையெழுத்துப் போட்டு வாங்குவது உண்டு. சரியான முகவரிக்குப் போய், கூடவே வாழும் குடும்பத்தார் வாங்கியிருந்தால் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. 'அந்தக் கவர் என் கைக்கே வரவில்லை' என்று அவர்தான் கோர்ட்டில் நம்பவைக்க வேண்டும். பிரிந்து வாழும் மனைவி, வேறு வீட்டில் இருக்கும் அண்ணன் என்றால் கதை வேறு. அப்போது இன்னொரு கவர் அனுப்புங்கள்.

11. செக் பவுன்ஸ் ஆச்சு. முப்பது நாள், பதினஞ்சு நாள், ஒரு மாசம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எதுலருந்து எண்ணணும்?

மூன்றும் உண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரும். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-ன் பிரிவு 138-ன்படி, செக் திரும்பியது என்று பேங்கிலிருந்து தகவல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இது முன்பு 15 நாளாக இருந்தது, 2002-ம் ஆண்டுத் திருத்தத்தில் 30 ஆனது. வயதானவர்கள் இன்னும் பழைய கணக்கைச் சொல்வதால்தான் குழப்பம். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால் அப்புறம் ஒரு மாதத்துக்குள் நீங்கள் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

தேதி போட்டுச் சொல்கிறேன். ரிட்டர்ன் மெமோ, அதாவது செக் திரும்பியதாக பேங்க் தரும் சீட்டு, உங்கள் கைக்கு வந்தது ஜூன் 3. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஜூலை 3 முப்பதாவது நாள். நீங்கள் ஜூன் 20 அன்று அனுப்பி, ஜூன் 24 அன்று அவர் வாங்கினார். அந்த நாளையும் விட்டுவிட்டால் பதினைந்தாவது நாள் ஜூலை 9. அன்று இரவு வரை அவருக்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கு வழக்குப் போடும் உரிமை ஜூலை 10-ல் பிறக்கிறது, ஆகஸ்ட் 10-க்குள் தாக்கலாக வேண்டும். அவசரப்பட்டு ஜூலை 8 அன்று போட்டால் முதிராத புகார் என்று தள்ளுபடியாகும். நாங்கள் எந்தக் கெடுவுக்கும் கடைசி நாளை வைத்துக்கொள்வதில்லை. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ, சர்வர் வேலை செய்யாத நாளாகவோ அமைவதில் ஒரு ராசி இருக்கிறது.

நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாக இருக்க வேண்டும். வட்டி, செலவு கேட்டால் அதைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். தட்டச்சுப் பிழையில் தொகை மாறினாலும் நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் கறாராகச் சொல்லிவிட்டது. அதிலிருந்து தொகையை எண்ணிலும் எழுத்திலும் செக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகே கவரை ஒட்டுகிறோம்.

12. முப்பது நாளுக்குள்ள அனுப்பினா போதுமா, அவர் கையில போய்ச் சேரணுமா?

அனுப்பினால் போதும். 1999-ல் பாஸ்கரன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'நோட்டீஸ் கொடுப்பது' வேறு, 'நோட்டீஸ் பெறுவது' வேறு என்று பிரித்துக் காட்டியது. கொடுப்பது உங்கள் செயல், அது தபாலில் சேர்த்ததோடு முடிகிறது. அதனால் கவுன்ட்டர் ரசீதில் இருக்கும் தேதிதான் உங்களுக்கு உயிர்.

13. வாங்கவே இல்லைன்னா பதினஞ்சு நாளை எதுலருந்து எண்றது?

நல்ல கேள்வி. அதே 1999 தீர்ப்பில் இதற்கும் விடை இருக்கிறது. 'அன்கிளெய்ம்டு' என்று கவர் திருப்பப்பட்டால், திருப்பப்பட்ட தேதியிலிருந்து பதினைந்து நாளை எண்ணலாம். கவரில் பல முத்திரை இருக்கும். சீட்டுக் கொடுத்த தேதி ஒன்று, திருப்பிய தேதி ஒன்று, உங்கள் ஊர் ஆபீஸுக்கு வந்த தேதி ஒன்று. எல்லாத் தேதியையும் ஒரு தாளில் எழுதி, எதை எடுத்து எண்ணினாலும் புகார் கெடுவுக்குள் வருகிற மாதிரி ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் பழக்கம். பதினைந்து நாளுக்கு மிகப் பிந்திய தேதி, ஒரு மாதத்துக்கு மிக முந்திய தேதி.

14. நோட்டீஸ் வாங்காமலே இருந்தா செக் கேஸ் நிக்காதாமே? எங்க மாமா சொன்னார்.

செக் கொடுத்தவர் தரப்பு மாமாவாக இருக்கும். 2007-ல் அலவி ஹாஜி வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை முடித்து வைத்துவிட்டார்கள். நோட்டீஸ் வரவில்லை என்று ஒருவர் உண்மையாகவே சொல்கிறார் என்றால், கோர்ட் சம்மன் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டினால் நோட்டீஸ் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். சம்மனோடு புகாரின் நகலும் வந்த பிறகும் பணம் கட்டாமல், 'எனக்கு நோட்டீஸே வரல' என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

15. கூரியர்ல அனுப்பலாமா? வாட்ஸ்அப்ல அனுப்பினா ரெண்டு நீல டிக் வருதே!

அனுப்பலாம், கூடுதலாக. ஆறாவது பதிலில் சொன்ன பிரிவு 27 தரும் பாதுகாப்பு தனியார் கூரியருக்கு இல்லை. சேர்ந்ததை நீங்களே நிரூபிக்க வேண்டும், அதற்குக் கூரியர் பையனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டி வரும். அவன் அதற்குள் வேலை மாறியிருப்பான். ஃபேக்ஸில் அனுப்பிய செக் நோட்டீஸ் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொன்னது, மின்னஞ்சலை ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்திருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்பி வைப்பது நல்லதுதான். பதிவுத் தபாலுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

பெரியவர்கள் சிலர் இன்னும் 'சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங்ல போடுப்பா, மலிவு' என்பார்கள். அனுப்பியதற்கு முத்திரை குத்திய சீட்டு மட்டும் தரும் அந்தப் பழைய முறையை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள்.

16. 'கவர் வந்தது, உள்ள வெள்ளைத் தாள்தான் இருந்தது'ன்னு சொல்றாரே. இதுக்கு என்ன பதில்?

தபால் ஆபீஸ் சாட்சி சொல்வது கவருக்குத்தான், உள்ளே இருந்ததற்கு இல்லை. அதனால் இந்தக் கேள்வியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஆனால் கோர்ட் உடனே கேட்பது: வெள்ளைத் தாள் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? வக்கீல் ஆபீஸ் முகவரியோடு வெற்றுத் தாள் வந்தால் எந்த மனிதனும் ஒரு போன் போட்டாவது கேட்பான், அல்லது எழுதிக் கேட்பான். அப்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வழக்கில் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, கையெழுத்திட்ட ஆபீஸ் காப்பியில் ரசீதைப் பின் செய்து வைப்பது. ரசீதில் கவரின் எடை கிராமில் அச்சாகியிருக்கும். ஒற்றைத் தாள் வைத்த கவரும் ஐந்து பக்கம் வைத்த கவரும் ஒரே எடை வராது. ஒரு தடவை எங்கள் வக்கீல் அதே அளவுக் கவரில் அதே பக்கங்களை வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து, ரசீதின் எடையைச் சுட்டிக்காட்டினார். எதிர்த்தரப்பு அதற்குமேல் வெள்ளைத் தாள் பேச்சை எடுக்கவில்லை.

17. வாடகைக்காரரைக் காலி பண்ணச் சொல்லணும். இதே முறைதானா?

அனுப்பும் முறை இதேதான், நாள் கணக்கு வேறு. சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882-ன் பிரிவு 106-ன்படி மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ், அவர் கையில் கிடைத்த நாளிலிருந்து. அது மாதக் கடைசியோடு முடிய வேண்டும் என்பது பழைய விதி, திருத்தத்தில் போய்விட்டது. தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். எதுவும் நடக்காவிட்டால் கட்டடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். ஒட்டும்போது தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சரியான முகவரிக்குத் தபாலில் சேர்ப்பதைத் தவிர வீட்டுக்காரர் வேறென்ன செய்ய முடியும் என்ற தொனியில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே ஒரு வாடகை வழக்கில் பேசியிருக்கிறது.

தமிழ்நாட்டு நகரப் பகுதி என்றால் இதோடு முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. காலி செய்ய அந்தச் சட்டம் சொல்லும் காரணம் வேண்டும், வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நோட்டீஸ் அடிக்கும் முன் வாடகை ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

18. அரசாங்கத்து மேல கேஸ் போடணும்னா ரெண்டு மாசம் காத்திருக்கணுமாமே?

ஆமாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80. மாநில அரசு என்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ, ரயில்வே என்றால் பொது மேலாளருக்கோ நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் வழக்கு. நாளைக்கே சுவரை இடிக்க வருகிறார்கள் என்பது மாதிரி அவசரம் இருந்தால் கோர்ட் அனுமதியோடு முன்கூட்டியே போடலாம். ஆட்சியர் அலுவலகத்தில் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவதும் எங்கள் வழக்கம்.

19. என் பையன் அமெரிக்காவுல இருக்கான். அங்க 'சர்டிஃபைடு மெயில்'ல அனுப்பச் சொன்னாங்களாம். அதுவும் நம்ம பதிவுத் தபாலும் ஒண்ணா?

வேலையைப் பார்த்தால் ஒன்று மாதிரித்தான், பெயரைப் பார்த்தால் குழம்பும். அங்கே நோட்டீஸுக்கும் சட்டக் கடிதத்துக்கும் சர்டிஃபைடு மெயில். அதோடு பச்சை நிற ஒப்புகை அட்டையும் கேட்டு வாங்கலாம், நம் ஏ.டி. கார்டு போல. 'ரிஜிஸ்டர்டு மெயில்' என்பதும் அங்கே தனியாக இருக்கிறது. அது விலையுயர்ந்த பொருளை வழிநெடுகப் பூட்டுக்காவலில் அனுப்புவதற்கு.

இன்னொன்று, சர்டிஃபைடு மெயில் அமெரிக்காவுக்குள் மட்டும்தான். அங்கிருந்து இந்தியாவுக்கு நோட்டீஸ் அனுப்ப அது உதவாது, வெளிநாட்டுப் பதிவுத் தபாலில்தான் போட வேண்டும். அதைவிட எளிது, இங்கே ஒரு வக்கீலுக்கு வேண்டிய விவரத்தை எழுதிக் கொடுத்து இங்கிருந்தே அனுப்பச் சொல்வது.

20. நோட்டீஸ் எனக்கே வந்திருக்கு. போஸ்ட்மேன் சீட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்கார். வாங்கலாமா, விட்டுடலாமா?

எட்டாவது பதிலை உங்களை அந்த இடத்தில் வைத்து இன்னொரு தடவை படியுங்கள். வாங்காவிட்டாலும் வாங்கிய மாதிரிதான், உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. ஏழு நாள் முடிவதற்குள் அடையாள அட்டையோடு தபால் ஆபீஸுக்குப் போய் வாங்குங்கள். வாங்கிய தேதியைக் கவரின் மேலேயே எழுதுங்கள், கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

நோட்டீஸ் என்பது சம்மன் இல்லை, போலீஸ் வராது, வீடு ஜப்தி ஆகாது. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதற்கான கடிதம் அது. அதில் போட்டிருக்கும் கெடுவைப் பாருங்கள், செக் விவகாரம் என்றால் பதினைந்து நாள் ஓட ஆரம்பித்துவிட்டது. கொடுக்க வேண்டிய பணம் என்று உங்களுக்கே தெரிந்தால் அந்த நாளுக்குள் பேங்க் வழியாகக் கொடுத்துவிடுங்கள், கையில் ரொக்கமாக வேண்டாம். பொய்யான கோரிக்கை என்றால் வக்கீலிடம் சொல்லிப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதையும் பதிவு சேர்த்துத்தான்.